கடைசி 20 நிமிடம்: ஹட்டன் பக்கத்துக் கல்லூரி அணி ஒன்றின் 2024 உதைபந்தாட்டப் பருவம்

2024 மார்ச்சில் ஆடிய முதல் சிநேகபூர்வ ஆட்டத்தில் இடைவேளையின்போது 2–0 என்று முன்னால் நின்றோம். ஆட்டம் முடிந்தபோது 2–4. அடுத்த கிழமை இன்னொரு கல்லூரியோடு 1–0 என்று இருந்தது 1–3 ஆனது. மூன்றாவது ஆட்டத்தில், கடைசி விசிலுக்குக் கொஞ்ச நேரம் முன்பு, எங்கள் பின்கள வீரர்கள் இருவர் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து நின்றார்கள். எதிரணிப் பையன் அவர்களுக்கு நடுவால் பந்தைத் தட்டிக்கொண்டு நடந்தே போய் கோல் போட்டான்.

இந்த 18 வயதுக்குட்பட்ட அணிக்கு நான்தான் பொறுப்பாசிரியர். கற்பிப்பது விஞ்ஞானம். உதைபந்தாட்டம் பழகியது சின்ன வயதில், எங்கள் தோட்டத்துக் கழகத்தில். பிள்ளைகளின் பெயரும் கல்லூரியின் பெயரும் இங்கே வேண்டாம். தலவாக்கலை, பொகவந்தலாவை, பண்டாரவளை என்று இலங்கை மலையகத்தில் எங்கே போனாலும் என்னைப் போல அணியை வைத்துக்கொண்டு திண்டாடும் ஆசிரியர்களைச் சந்திக்கிறேன். எல்லாரும் ஒரே வசனத்தைச் சொல்கிறார்கள்: "நம்ம புள்ளைகளுக்கு ஸ்டெமினா பத்தாது." நானும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வசனத்தை நம்பிப் பருவத்தின் முதல் பாதியை வீணாக்கினேன். அது எப்படி நடந்தது, பிறகு என்ன செய்தோம் என்பதுதான் இந்த ஆய்வு.

மைதானமும் பிள்ளைகளும்

எங்கள் பையன்கள் எப்படி ஆடுகிறார்கள் என்பதை அவர்கள் பழகிய இடத்தைப் பார்த்தால் விளங்கும். மலையில் சமநிலம் அபூர்வம். தோட்டத்தில் தேயிலை நடாத சமமான இடம் என்று இருந்தால் அது ஸ்டோர் என்னும் தேயிலைத் தொழிற்சாலைக்குப் பக்கத்திலோ கோயிலுக்கு முன்னாலோ இருக்கும் சின்னக் கிரவுண்டுதான். ஒரு பக்கம் லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகள், மறுபக்கம் பள்ளம். பந்து பள்ளத்தில் விழுந்தால் தேயிலைக்குள் இறங்கித் தேடி, காலில் அட்டையோடு ஏறி வரவேண்டும். அதனால் பிள்ளைகள் பந்தை உயரத் தூக்கி அடிக்காமல் நிலத்தோடு வைத்து, நெருக்கத்தில் கடத்திப் பழகுகிறார்கள். ஆளுக்கு இரண்டு தொடுகையில் மூன்று பேரைத் தாண்டி வந்துவிடுவார்கள். பார்க்க ஆசையாக இருக்கும்.

ஆனால் முழு அளவு மைதானத்தில் இறக்கிவிட்டால் பத்துப் பேரும் பந்தைச் சுற்றியே நிற்பார்கள். சர்வதேச ஆட்டங்களுக்கான மைதானம் 100 முதல் 110 மீற்றர் நீளம், 64 முதல் 75 மீற்றர் அகலம். எங்கள் கல்லூரிக் கிரவுண்டு அதில் பாதிகூட வராது. அகலத்தைப் பயன்படுத்தும் எதிரணி பந்தை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு மாற்றி மாற்றி அனுப்பும்போது எங்கள் பையன்கள் அதன் பின்னால் கூட்டமாக ஓடி ஓடிக் களைத்துப் போவார்கள். களைப்புக்கு இது ஒரு காரணம் என்பது மார்ச்சிலேயே எனக்குத் தெரியும். ஒரே காரணமும் அதுதான் என்று நினைத்தது பிழை.

மழையையும் சொல்ல வேண்டும். ஹட்டன் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,270 மீற்றரில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை எங்கள் மேற்குச் சரிவில்தான் கொட்டுகிறது. நாட்டிலேயே அதிக மழை விழும் இடங்களில் ஒன்றான வட்டவளை எங்களுக்குப் பக்கத்து ஊர். பதுளை, பசறைப் பக்கத்துக்கு டிசம்பரை ஒட்டிய வடகிழக்கு மழைதான் பெரியது. பாடசாலைப் போட்டிகள் வருடத்தின் நடுவில் வரும்போது அவர்கள் காய்ந்த நிலத்தில் பயிற்சி செய்வார்கள், நாங்கள் சேற்றில் நிற்போம்.

கொப்பி சொன்ன கணக்கு

ஒவ்வொரு ஆட்டத்திலும் கோல் விழுந்த நிமிடத்தை ஒரு கொப்பியில் குறித்து வைப்பது என் பழக்கம். மார்ச் தொடங்கி ஏப்ரல் நடுப்பகுதி வரை ஐந்து சிநேகபூர்வ ஆட்டங்கள். வாங்கிய கோல் 13. அதில் 9 கடைசி 20 நிமிடங்களில் விழுந்தவை. அதே 20 நிமிடங்களில் நாங்கள் போட்ட கோல் ஒன்றுமில்லை.

மூன்றாவது ஆட்டத்துக்குப் பிறகே நான் மருந்தைத் தொடங்கிவிட்டேன். கிழமைக்கு மூன்று நாள், கல்லூரிக்கு மேலே உள்ள தேயிலைச் சரிவில் கோயில் வரை ஏறி இறங்கும் ஓட்டம். முதலில் நான்கு சுற்று, அப்புறம் ஆறு. பிள்ளைகள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. மலையகப் பிள்ளைகளின் அந்தக் குணத்தை இப்போது நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. வலிக்கிறது, முடியவில்லை என்று சொல்ல அவர்களுக்கு யாரும் பழக்கவில்லை. நான்காவது, ஐந்தாவது ஆட்டங்களில் நிலைமை இன்னும் மோசமானது. இரண்டு பேருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. முன்பு கடைசி 20 நிமிடத்தில் தளர்ந்தவர்கள் இப்போது இடைவேளை முடிந்த கையோடு தளர்ந்தார்கள்.

ஏப்ரல் முதல் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. ஐந்தாவது சுற்றில் எங்கள் இடது பக்கப் பின்கள வீரன் பாதையோரம் உட்கார்ந்துவிட்டான். முகம் வெளுத்து, குளிரான காற்றிலும் நெற்றியில் வியர்வை. கை நடுங்கியது. கென்டீன் அக்கா ஒரு கோப்பை வெறும் தேத்தண்ணியில் மூன்று கரண்டி சீனி போட்டுக் கொண்டுவந்தார். அவன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தான். பத்து நிமிடத்தில் முகத்தில் இரத்தம் ஓடியது. எழுந்து நின்று, "இப்ப ஓடலாம் சேர்" என்றான்.

"காலையில என்ன சாப்பிட்ட?"

"ஒண்ணும் இல்ல சேர். தேத்தண்ணி."

"இண்டர்வலுக்கு?"

"பணிஸ்."

"ராத்திரி?"

"ரொட்டி."

நேரம் அப்போது பின்னேரம் மூன்று மணி. விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஓடும் தசைக்கு முதல் எரிபொருள், சாப்பாட்டின் மாப்பொருளிலிருந்து கிடைத்துத் தசையிலும் ஈரலிலும் சேமித்து வைக்கப்படும் கிளைக்கோஜன். கடுமையான ஆட்டத்தில் அது குறையக் குறையக் கால் கனக்கும், முடிவெடுக்கும் வேகமும் மந்தமாகும். வெறும் வயிற்றோடு இறங்குகிறவனுக்கு அந்தக் கட்டம் முந்தி வரும். சேமிப்பே இல்லாத பிள்ளையை மலையேற வைத்து நான் இருந்ததையும் கரைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் 18 பேரிடமும் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, முந்தைய நாள் விடிந்ததிலிருந்து படுக்கும் வரை சாப்பிட்டதையும், சாப்பிட்ட நேரத்தையும் எழுதச் சொன்னேன். பெயர் எழுத வேண்டாம் என்றேன். ஐந்து தாள்களில் காலைச் சாப்பாட்டுக்கு நேரே தேத்தண்ணி மட்டும் இருந்தது. பதினொரு தாள்களில் ஒரு ரொட்டி அல்லது அரை ரொட்டி. சோறு என்று எழுதியிருந்தவர்கள் இரண்டே பேர். பத்தரை மணி இடைவேளைக்குப் பணிஸ். அதற்குப் பிறகு பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போகும் வரை ஒன்றுமில்லை. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் நடுவில் ஒரு ரொட்டியும் ஒரு பணிஸும். ஒரு தாளில் மட்டும் மத்தியானத்துக்கு நேரே "பசிக்கல" என்று எழுதி, அதை வெட்டி, "இல்லை" என்று எழுதியிருந்தது.

சித்திரை விடுமுறைக்கு முன்பு ஏழெட்டு வீடுகளுக்குப் போனேன். அம்மாமாரைக் குறை சொல்லுகிற எண்ணத்தோடு போகவில்லை, அப்படிப் போயிருந்தாலும் திரும்பும்போது அது மிஞ்சியிருக்காது. ஒரு தாய் சொன்னது இது (பெரட்டு என்பது காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம்): "விடிய நாலரைக்கு எந்திரிக்கிறேன் சேர். ஆறரைக்குப் பெரட்டுக்கு நிக்கணும். ரொட்டி சுட்டு வச்சிட்டுப் போறேன். அவன் தம்பிக்குப் போக மிச்சத்ததான் சாப்பிடுவான். அத நான் நின்னு பாக்கவா முடியும்?"

அந்த நேரத்தில் தோட்டத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபா. 2021இல் நிர்ணயிக்கப்பட்டது. 1,350 ஆனது 2024 செப்டெம்பரில்தான். 2022 பொருளாதார நெருக்கடியில் மாவும் அரிசியும் ஏறிய விலைக்கு அந்த ஆயிரம் எத்தனை ரொட்டி ஆகும் என்பது எல்லா லயத்துக்கும் தெரிந்த கணக்கு. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம். 2016 மக்கள்தொகை சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் சுமார் 17 சதவீதம், தோட்டங்களில் சுமார் 32 சதவீதம். பிற மாவட்ட அணிகளோடு வரிசையாக நின்று கைகுலுக்கும்போது எங்கள் பையன்கள் தோளளவில் நிற்பதைப் பார்க்கிறவர்கள் "மலைநாட்டுக் காத்து, கட்டையாத்தான் வளருவாங்க" என்பார்கள். காற்றை நோவதில் நியாயமில்லை.

நாலு மணிக்குப் பிறகு

சாப்பாட்டை விசாரித்துக்கொண்டு திரிந்தபோதுதான் இன்னொன்று அகப்பட்டது. எங்கள் மத்தியகள வீரன் ஒருவன், அணியிலேயே நிதானமாக யோசிக்கிறவன், சொன்னான்: "சேர், நாலு மணியானா மனசு பஸ்ஸுக்குப் போயிரும்."

அவனோடு ஏழு பேருக்கு ஒரே வழி. அந்த டிவிசன்களுக்குப் போகும் கடைசி பஸ் 4.10க்கு. அதைத் தவறவிட்டால் சந்தியிலிருந்து ஆறு கிலோமீற்றர் தேயிலைக்குள் நடை. பனிமூட்டம் இறங்கிவிட்டால் பத்தடிக்கு முன்னால் ஆள் தெரியாது. பொகவந்தலாவை, மஸ்கெலியாப் பக்கங்களில் சிறுத்தை நடமாட்டம் உண்மையாகவே இருக்கிறது. அதனால் அந்த வழியில் பின்னேரம் தனியாகப் போகப் பெரியவர்களே யோசிப்பார்கள். நான் நான்கரை வரை பயிற்சி வைத்துக்கொண்டு, பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பையைத் தூக்கும்போது "அர்ப்பணிப்பு இல்லை" என்று ஏசியிருக்கிறேன். சிநேகபூர்வ ஆட்டங்கள் எல்லாம் இரண்டரைக்குத் தொடங்கியவை. கடைசி 20 நிமிடம் என்பது அவர்களுக்கு பஸ் வரும் நேரம்.

பஸ்ஸை அரை மணித்தியாலம் பிந்தி விடக் கேட்டுச் சம்பந்தப்பட்ட இடத்துக்கு அதிபரின் கையொப்பத்தோடு கடிதம் கொடுத்தோம். பதில் வரவில்லை.

மாற்றியவை

மேயில் பதினோராம் தர மாணவர்களுக்கான சாதாரண தரப் பரீட்சை. அணியில் ஆறு பேர் எழுதினார்கள். அந்த மாதம் பந்தைத் தொடவில்லை. பரீட்சை முடிந்த கிழமையே அந்த ஆறு பேரில் நான்கு பேர் கொழும்புக்கு பஸ் ஏறிவிட்டார்கள். பெறுபேறு வரும் வரை சும்மா இருக்காமல் புறக்கோட்டைக் கடையிலோ வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடையிலோ நின்று நாலு காசு வீட்டுக்கு அனுப்புவது எங்கள் ஊர்களின் வழமை. தோல்வியை விட அதிகமாக மலையக அணிகளைக் கலைப்பது இந்த இடைவெளிதான். நான்கு பேரில் எங்கள் கோல்காப்பாளனும் ஒருவன். அவன் நின்ற ஹார்டுவெயார் கடை முதலாளிக்கு நானே போன் எடுத்தேன். அவருக்கும் பூர்வீகம் டிக்கோயாப் பக்கம். "ஆகஸ்ட் முடியும் வரை அனுப்புறேன், அப்புறம் எனக்கு ஆள் வேணும்" என்றார். அவனும் இன்னொருவனும் திரும்பி வந்தார்கள். மற்ற இருவரையும் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் அனுப்பும் காசை நம்பி வீட்டில் ஆட்கள் இருந்தார்கள்.

ஜூன் முதல் ஒன்றரை மணிக்கு மணி அடித்ததும் சாப்பாடு. பாடசாலைச் சாப்பாட்டுத் திட்டம் பெரும்பாலும் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கானது, எங்கள் வயதுப் பையன்களுக்கு எட்டாது. கல்லூரிக்குக் கிட்ட இருக்கும் இரண்டு அம்மாமார் முறை வைத்துச் சமைத்தார்கள். அரிசியும் பருப்பும் முட்டையும் வாங்கக் கொழும்பில் வேலை செய்யும் பழைய மாணவர்கள் மாதாமாதம் காசு அனுப்பினார்கள். சோறு, பருப்பு, ஒரு முட்டை அல்லது நெத்தலி, ஏதாவது ஒரு கீரை. முதல் நாள் இரண்டாம் தரம் சோறு கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. மூன்றாம் நாளிலிருந்து சட்டியில் மிச்சம் இருக்கவில்லை. சாப்பிட்ட கையோடு ஓடவிடக் கூடாது என்பதால் ஒரு முக்கால் மணி நேரம் வகுப்பறையில் உட்கார்ந்து கரும்பலகையில் ஆட்டத்தைப் பேசினோம். முன்பு அப்படிப் பேச நேரமே வைத்ததில்லை. அணிக்குக் கிடைத்த பெரிய லாபம் அந்த முக்கால் மணி நேரம் என்று இப்போது நினைக்கிறேன்.

பயிற்சி 2.30 முதல் 3.45 வரை, கிழமையில் இரண்டு நாள் மட்டும். நீண்ட பயிற்சி சனிக்கிழமை காலை. மலை ஓட்டத்தை அடியோடு நிறுத்தினேன். அதற்குப் பதில் நான்குக்கு நான்கு பேராகச் சின்னக் கட்டத்தில் மூன்று மூன்று நிமிட ஆட்டம், இடையில் ஓய்வு. ஓட்டமும் அதில் இருக்கிறது, பந்தும் காலில் இருக்கிறது.

தண்ணீர்ப் பழக்கம் தனிக் கதை. எங்கள் குளிரில் தாகம் தெரியாது. பையன்கள் காலையிலிருந்து ஒரு மிடறு தண்ணீர் குடிக்காமல் ஆட்டத்துக்கு வருவார்கள். ஆளுக்கொரு போத்தல் கட்டாயம் என்று வைத்தோம்.

அகலத்தைப் பழக்க, மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ஹட்டன் டன்பார் மைதானத்துக்குப் போனோம். அங்கே இரண்டு ஓரத்திலும் ஒரு கயிறு போட்டு, கயிற்றுக்கு வெளியே எப்போதும் ஒருவன் நிற்க வேண்டும் என்பதுதான் பாடம். வலது ஓரத்தில் நின்றவன் பத்து நிமிடம் பந்தே வராமல் நின்றுவிட்டு, "சேர், நான் சும்மா நிக்கிறேன்" என்றான். அவன் சும்மா நின்றதால் எதிரணியில் ஒருவன் அவனுக்குக் காவல் நிற்க வேண்டி வந்ததைக் கரும்பலகையில் காட்டிய பிறகுதான் சமாதானமானான்.

பூட்ஸைப் பற்றியும் எழுத வேண்டும், அதைச் சொல்லாமல் மழைக்காலத்தைச் சொல்ல முடியாது. நனைந்த பூட்ஸை வீட்டில் விறகடுப்புக்கு மேலே, விறகு காயும் பரணில் வைப்பார்கள். காலையில் காய்ந்திருக்கும். ஆனால் சூட்டில் பசை விட்டுப்போய் இரண்டாவது கிழமை அடி வாய் பிளக்கும். எங்கள் முன்கள வீரனின் வலது பூட்ஸ் மூன்று தடவை தைத்தது. முன்பகுதியில் நீல நைலோன் நூல், நடுவில் கறுப்பு நூல், குதிப்பக்கம் தையல்காரர் கொடுத்த மீன்வலை நூல். பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி உள்ளே திணித்து, அடுப்புக்குத் தூரமாக, காற்றுப் படும் இடத்தில் வைக்கப் பழக்கினோம். தாளை இரவில் ஒரு தடவை மாற்ற வேண்டும். காய இரண்டு நாள் எடுக்கும். கிழமைக்கு இரண்டு நாள் பயிற்சி என்பது அதற்கும் தோதாக இருந்தது. புது ஜோடி வாங்குவதென்றால் ஒரு தாயின் பல நாள் பேர் அதற்குப் போய்விடும்.

வலயப் போட்டி

நுவரெலியா மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள்: நுவரெலியா, ஹட்டன், கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்த. வலயத்தில் வென்றால் மாகாணம், அதில் வென்றால் அகில இலங்கை. ஜூலையில் வலயப் போட்டி. முதல் இரண்டு ஆட்டமும் பெரிய சிரமமில்லாமல் 3–1, 2–1.

அரையிறுதி சேற்றில் நடந்தது. பந்து உருளாமல் ஆங்காங்கே நின்றது. கோல் இல்லாமலே நேரம் போய்க்கொண்டிருந்தது. நான் கொப்பியில் நிமிடத்தைப் பார்த்தேன். கடைசி 20 தொடங்கியபோது என் வயிறு இறுகியது. ஆனால் அன்று முழங்காலில் கை ஊன்றி நின்றவர்கள் எதிரணிப் பையன்கள். முடிய எட்டு நிமிடம் இருக்கும்போது இடது பின்கள வீரன், ஏப்ரலில் பாதையோரம் உட்கார்ந்தானே அவன், தன் பாதியிலிருந்து பந்தோடு ஏறிப் போய் மறு ஓரத்துக்கு அனுப்பினான். கயிற்றுக்கு வெளியே நிற்கப் பழகியவன் அங்கே தனியாக நின்றான். 1–0. அந்த வருடம் கடைசி 20 நிமிடத்தில் நாங்கள் போட்ட முதல் கோல்.

இறுதியாட்டத்தில் முதலில் கோல் வாங்கி, திருப்பி இரண்டு போட்டு 2–1. அதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை, எதிரணியின் சிறந்த வீரன் காயத்தோடு ஆடினான்.

கண்டி

மாகாண ஆட்டம் ஆகஸ்டில், கண்டியில். நேரம் காலை 9.30 என்று அறிவித்திருந்தார்கள். முதல் நாளே போய்த் தங்கக் காசு இல்லை. விடிய நான்கு மணிக்கு வான் வண்டி புறப்பட்டது. சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய் ஆறு மணிக்கு நாவலப்பிட்டியில் நிறுத்திச் சாப்பிடுவது திட்டம். ஆனால் கினிகத்தேனை வளைவுகளில் நான்கு பேர் வாந்தி எடுத்தார்கள். வானில் ஏறிப் பழக்கமில்லாத பிள்ளைகள். நாவலப்பிட்டியில் அவர்களால் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிட முடியவில்லை.

ஒன்பதரை ஆட்டம் பதினொன்றானது, பிறகு பன்னிரண்டானது. முன்னைய ஆட்டங்கள் இழுபட்டதுதான் காரணம். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. எங்கள் ஆட்டம் தொடங்கியது 12.50க்கு. கண்டி சுமார் 500 மீற்றர் உயரம். அன்று வெயில். ஜூலை முழுக்க மழைக்குளிரில் ஆடிய உடம்பு அது. வெப்பத்துக்கு உடம்பு பழகச் சாதாரணமாக 10 முதல் 14 நாள் வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது ஒரு வேப்பமரத்தடியில் மூன்றரை மணித்தியாலம். கையில் இருந்த வாழைப்பழத்தையும் ஜீவனி என்னும் உப்புச்சீனிக் கலவை கரைத்த தண்ணீரையும் கொடுத்துக்கொண்டே இருந்தேன். கட்டி வந்த சோறு அதற்குள் கெட்டுவிட்டது.

பந்தும் வித்தியாசமாக இருந்தது. எங்கள் உயரத்தில் காற்று கொஞ்சம் லேசு, பந்து எட்டிப் போகும். கீழே இறங்கினால் அதே உதையில் பந்து முன்னதாகவே விழும். எங்கள் கோல்காப்பாளனின் முதல் மூன்று உதைகளும் நடுக்கோட்டுக்கு முன்பே விழுந்து எதிரணிக் காலுக்குப் போயின. நான்காவதிலிருந்து கையால் உருட்டி விட்டான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இடைவேளைக்கு முன்பு நாங்கள் 1–0. இரண்டாம் பாதியில் வானில் வாந்தி எடுத்த நான்கு பேரில் மூன்று பேரை மாற்றினேன். நான்காவது ஆள் மத்தியகள வீரன், அவனை மாற்ற ஆள் இல்லை. முடிய ஆறு நிமிடம் இருக்கும்போது அவன் காலில் இருந்து பறிபோன பந்துதான் கோலானது. 1–1. தண்ட உதையில் 3–4. கோல்காப்பாளன் ஒன்றைத் தடுத்தான். தேசிய அணிக் கோல்காப்பாளர் சுஜான் பெரேராவைப் போல இரண்டு கையையும் அகல விரித்து, கோட்டில் ஆடிக்கொண்டு நின்றான். எங்கள் ஐந்தாவது உதை கம்பத்தில் பட்டது.

அடித்தவன் மைதானத்தில் படுத்துவிட்டான். மத்தியகள வீரன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "என் பந்துதான்டா போச்சு, ஒன்னோடது இல்ல" என்று சொன்னது எனக்குக் கேட்டது. இருவருக்கும் நான் சொல்ல வேண்டியது வேறு இருந்தது. திரும்பும் வழியில், எல்லாரும் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு, வானில் சொன்னேன்: விடிய நான்கு மணிக்கு அந்த வளைவுகளில் உங்களைக் கொண்டுபோனது நான்.

கணக்கைத் திரும்பப் பார்த்தால்

மார்ச், ஏப்ரலில் ஐந்து ஆட்டம்: வாங்கியது 13, கடைசி 20 நிமிடத்தில் 9. ஜூலை, ஆகஸ்டில் ஐந்து ஆட்டம்: வாங்கியது 4, கடைசி 20 நிமிடத்தில் கண்டியில் விழுந்த அந்த ஒன்று. எதிரணிகள் வேறு, போட்டியின் தரம் வேறு, மேயில் கிடைத்த ஓய்வும் உதவியிருக்கும், அகலப் பயிற்சியும் உதவியிருக்கும். எல்லாவற்றையும் சோற்றின் கணக்கில் எழுத மாட்டேன். ஆனால் பயிற்சி நேரத்தைக் குறைத்து, ஓட்டத்தை நிறுத்திய பிறகுதான் இந்த அணி கடைசி வரை ஓடியது. ஸ்டெமினா பத்தாது என்று பிள்ளைகளை மலையில் ஏற்றும் ஆசிரியர்கள் முதலில் ஒரு தாளைக் கொடுத்துப் பார்க்கட்டும்.

கண்டியைப் பற்றி எனக்கு ஒரு குறை இருக்கிறது, அதை ஒளிக்க விரும்பவில்லை. மலையிலிருந்து நாலைந்து மணித்தியாலம் பயணம் செய்து வரும் அணியை முதல் ஆட்டத்தில் போடுங்கள், அல்லது முந்தைய இரவு தங்க ஒரு வகுப்பறையைத் திறந்துவிடுங்கள் என்று எழுத்தில் கேட்டிருக்கிறோம். பாயும் போர்வையும் நாங்களே கொண்டுவருவோம். ஒரு கரும்பலகையும் ஒரு மின்குமிழும் இருந்தால் போதும்.

கோல்காப்பாளன் செப்டெம்பர் முதல் கிழமை முதலாளிக்குச் சொன்னபடி புறக்கோட்டைக்குத் திரும்பிவிட்டான். மாத முடிவில் பெறுபேறு வந்தது. உயர்தரம் படிக்கும் அளவுக்கு இருந்தது. போனில் சொன்னேன். "பாப்போம் சேர்" என்றான். இன்னும் வரவில்லை.

இந்த வருடம் பாடசாலை தொடங்கிய கிழமையே புதுக் கொப்பி போட்டோம். பந்தை வெளியே எடுக்க முன்பு ஆளுக்கொரு தாள். புதுக் கோல்காப்பாளன் பத்தாம் தரம். உயரம் போதாது, இடது பக்கம் உயர்ந்து வரும் பந்துக்குப் பின்வாங்குகிறான், ஆனால் பந்தை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. காலையில் ரொட்டி ஒன்று, சம்பலோடு. அவனுடைய கடைசி பஸ் 3.40க்கு.